ஆறடி பால்கனி

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் பால்கனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றடி அகலத்தில் பால்கனி கட்டினால் அங்கே என்ன நடக்கும்? நாற்காலி போட்டால் முழங்கால் கம்பியில் இடிக்கும். இன்னொருவர் வந்தால் நிற்கத்தான் முடியும். சீக்கிரமே அது துணி காயவும் பழைய சைக்கிள் நிற்கவுமான இடமாகிவிடும். ஆறடிக்குக் குறைந்த பால்கனிக்கு ஆள் வருவதில்லை என்று எழுதினார் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். இரண்டு மூன்று பேர் சின்ன மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காலை நீட்ட அவ்வளவு இடம் வேண்டும். முழுவதும் அந்தரத்தில் தொங்காமல், கொஞ்சமாவது கட்டடத்துக்குள் ஒடுங்கியும் இருக்க வேண்டும் என்றார்.

அவர் 1936-இல் வியன்னாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் படித்துவிட்டு, பெர்க்லியில் பல காலம் பேராசிரியராக இருந்தார். சகாக்களோடு 1977-இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூலில் இந்த மாதிரி 253 வடிவங்கள் இருக்கின்றன.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 159-ஆவது: எந்த அறைக்கும் இரண்டு பக்கமிருந்து பகல் வெளிச்சம் வர வேண்டும். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையை நினைத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரின் முகம் இருட்டாகத் தெரியும். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் உங்கள் கண்ணைக் கூசவைக்கும். அவர் புருவம் சுருங்கியதும் உதடு லேசாக விரிந்ததும் தெரியாது. பாதிப் பேச்சு முகத்தில்தானே நடக்கிறது! இரண்டாவது பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழுந்தால் நிழல் இளகி முகம் தெளியும். நடுவில் நீண்ட நடை, இருபுறமும் வரிசையாக அறைகள் என்று கட்டினால் இது கைகூடாது. கட்டடத்தின் அகலத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சுவரை மடித்து மடித்து மூலைகளைக் கூட்ட வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, யாரும் உட்கார விரும்பாத அறையைக் கட்டுவதில் என்ன லாபம்?

இதையெல்லாம் வரைபடத்தில் மட்டும் தீர்மானிக்க முடியாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எழுபதுகளில் மெக்சிகோவின் மெக்சிகாலியில், அங்கே குடியேறப்போகும் குடும்பங்களே தங்கள் வீட்டின் அமைப்பை முடிவு செய்தன. டோக்கியோ அருகே 1985-இல் திறக்கப்பட்ட ஏய்ஷின் பள்ளிக்கு, முதலில் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு, மனையாக இருந்த தேயிலைத் தோட்டத்தில் கம்பும் கொடியும் நட்டு, எந்தக் கட்டடம் எங்கே வரும் என்று நேரில் நடந்து பார்த்து இடம் மாற்றினார்கள்.

பழைய ஊர்களின் மேல் அவருக்கு ஏக்கம் என்று சில கட்டடக் கலைஞர்கள் ஒதுக்கினார்கள். அது நியாயமில்லை. தன் வடிவங்கள் எல்லாம் ஒரே அளவுக்கு உறுதியானவை என்று அவர் சொல்லவே இல்லை. நன்றாக உறுதிப்பட்டதற்கு இரண்டு நட்சத்திரம், ஓரளவு உறுதிக்கு ஒன்று என்று நூலிலேயே குறியிட்டார். 159-க்கு இரண்டு நட்சத்திரம். நட்சத்திரமே இல்லாதவையும் நிறைய உண்டு. அவற்றுக்கு இன்னும் நல்ல விடையைத் தேடும் வேலையை வாசிப்பவர்களிடமே விட்டிருந்தார்.