செய்த கையே ஆட்ட வேண்டும்

இந்தியாவின் மரபான நூல் பொம்மைகளில் அளவிலும் எடையிலும் பெரியவை தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பொம்மைகள்தான். சில பொம்மைகள் நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் இருக்கும். அந்தப் பாரத்தை ஆட்டுபவர் கையில் தூக்குவதில்லை. துணி சுற்றிய இரும்பு வளையம் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்; அதிலிருந்து இறங்கும் கயிறுகள் பொம்மையைத் தாங்குகின்றன. இரண்டு கைகளும் பொம்மையின் கைகளோடு இணைந்த கம்பிகளைப் பிடித்திருக்கும். திரைக்குப் பின்னால் அவர் தலையைச் சற்றே சாய்த்தால் முன்னால் வள்ளியாக வரும் பொம்மை நாணுகிறது. வள்ளியின் காலில் ஒலிப்பதாக நாம் நினைக்கும் சலங்கை அவர் காலில் கட்டியது. கும்பகோணம் வட்டாரத்தில் மணி ஐயர், டி. என். சங்கரநாதன் ஆகியோரின் குழுக்கள் காத்துவந்த இந்தக் கலையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும்: பெரிய பொம்மையைச் செய்வதும் ஆட்டுவதும் ஒரே படிப்பு. பிரித்துக் கற்றால் இரண்டுமே கெட்டுப்போகும். அந்த ஒரே படிப்பைத் தொடங்குவதற்கு வேண்டிய சரக்கும் கைத்திறனும் திண்டுக்கல்லில் இருக்கின்றன என்பது என் வாதம்.

பொம்மை செதுக்கக் கல்யாண முருங்கை மரத்தைத் தேர்ந்தெடுத்தது அழகுக்காக அல்ல. அது லேசான மரம். தலையைக் குடையாமல் கனமாக விட்டால் அந்தக் கனம் அப்படியே ஆட்டுபவரின் கழுத்தில் இறங்கும். தோள் மூட்டு இறுகலாக இருந்தால் கம்பியை எவ்வளவு நயமாக அசைத்தாலும் கை விறைத்தே நிற்கும். தெருவில் ஊர்வலமாக வரும் பத்தடிப் பொம்மைக்கு இது இன்னும் பொருந்தும். மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிய கூட்டை மனிதர் ஒருவர் முதுகில் சுமக்க வேண்டும். பாரம் தோளில் மட்டும் நின்றால் கொஞ்ச நேரத்தில் ஆள் சோர்ந்துவிடுவார். இடுப்புக்கு இறங்கும்படி பட்டை வைத்தால் ஊர் சுற்றி வரலாம். அகலமாகத் தொங்கும் துணி ஆடி மாதக் காற்றில் கப்பல் பாய்போல உப்பி ஆளையே தள்ளிவிடும் என்பதால், காற்றுப் போக எங்கே வழி விடுவது என்பதையும் துணி வெட்டும்போதே தீர்மானிக்க வேண்டும். சுமந்து நடந்து பார்த்தவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஆட்டத்தின் நுட்பமும் அப்படித்தான். பொம்மை கையை உயர்த்துவதற்கு முன் அதன் மார்பு இம்மியளவு எழ வேண்டும். அப்போதுதான் அது மூச்சு விடுவதாகப் பார்ப்பவர் நம்புவார். அந்த இம்மியளவு அசைவுக்கு இடுப்பில் இடம் விட்டுக் கட்டியிருக்க வேண்டுமே!

பிரித்துக் கற்றால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. ஆந்திரத்தின் தோல்பாவைகள் ஆள் உயரத்துக்கு வருபவை; தோள், முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். அனந்தபூர் பகுதியின் நிம்மலகுண்டாவில் இன்றும் அந்தத் தோல் வேலை அருமையாக நடக்கிறது. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ஊருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் விளக்குக் கூண்டுகளும் சுவர் அலங்காரங்களும்தான். செய்முறை பிழைத்துக்கொண்டது, ஆட்டம் ஒதுங்கிவிட்டது. இதன் மறுபக்கத்தை நம் ஊர்க் கடைத் திறப்பு விழாக்களில் பார்க்கலாம். வாடகைக்கு எடுத்த கரடி வேடத்துக்குள் ஓர் இளைஞர் வியர்த்துக் கொட்டியபடி கையசைப்பார். அந்த முகத்தில் ஒரு பாவமும் மாறாது; செய்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே வளர்த்தவர்கள் எட்டிய உயரத்துக்குத் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு உதாரணம். அவர்கள் உருவாக்கிய ‘அமல்’ என்ற மூன்றரை மீட்டர் உயரச் சிறுமி 2021-ல் துருக்கியின் சிரிய எல்லையிலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வரை அகதிக் குழந்தைகளின் சார்பில் பயணம் செய்தாள். உள்ளே ஒருவர் பொய்க்காலில் நின்று நூல்களால் முகத்தையும் இயக்குகிறார். கைகளுக்குத் தலா ஒருவர். பொய்க்காலில் ஏறி, குதிரைக் கூட்டை இடுப்பில் கட்டி ஆடும் தஞ்சாவூர்க் கலைஞருக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

பொம்மலாட்டத்தின் பிறந்த வீடு காவிரிக்கரை. அதைத் திண்டுக்கல்லுக்கு இழுப்பானேன் என்று கேட்கலாம். கலையை இடம் மாற்றச் சொல்லவில்லை, பள்ளி ஒன்றைத்தான் கேட்கிறேன். அதற்கான சரக்கு இங்கே இருக்கிறது. தோல்பாவைக்கு வேண்டியது பதனிட்ட தோல் அல்ல. ஊறவைத்து, மயிர் நீக்கி, சுரண்டி, ஒளி ஊடுருவும்படி இழுத்துக் காயவைத்த ஆட்டுத்தோல். தோல் பதனிடும் ஷெட்டுகளில் அந்த முதல் கட்ட வேலையை அறிந்த கைகள் திண்டுக்கல்லில் தலைமுறைகளாக உண்டு. வாய் திறந்து மூடும் பொம்மைக்கு நெம்புகோலும் சுருள்வில்லும் வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு முழுக்க அந்த அறிவுதான். அலிகார் பூட்டின் போட்டியில் வேலை குறைந்துபோன பூட்டுத் தொழிலாளிக்கு இது புது வாசல். ஆடைக்குச் சின்னாளபட்டி இருக்கிறது. அதன் அருகிலேயே காந்திகிராமம். 1977-ல் பேராசிரியர் சே. இராமானுஜமும் கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளையும் அங்கே முன்னின்று நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தலைமுறையையே தந்தது. ஒரு வார இறுதியில் முடிந்த பயிற்சியல்ல அது. வாரக்கணக்கில் தங்கிக் கற்றார்கள்.

பரம்பரைக் கலையை வெளியார் கற்பது முறையா என்ற கேள்வி கனமானது. தோல்பாவைக்கூத்தை மதுரை, குமரிப் பகுதிகளில் சுமந்துவந்தது மராத்தி பேசும் சிறு சமூகம். அவர்கள் உழைப்பை இன்னொருவர் எடுத்துக் காசாக்குவது அநியாயம்தான். அதற்காகக் கதவை மூடினால், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போன வீடுகளில் பாவைப்பெட்டி மட்டுமே மிஞ்சும். மூத்த கலைஞர்களைச் சம்பளத்தோடு ஆசிரியர்களாக அமர்த்துவதுதான் நியாயமான வழி. பொன்னாடை போர்த்தி, ஒரு மணி நேரச் செயல்விளக்கத்துக்குப் பிறகு பஸ் ஏற்றி விடுவது மரியாதை ஆகாது. வீடியோ பார்த்துக் கற்கலாமே என்பவர்களுக்கு ஒரு பதில்: முகத்துக்கு வண்ணம் தீட்டுவதை அப்படிக் கற்கலாம், கழுத்தில் இறங்கும் எடையை எந்தத் திரையும் காட்டாது. ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர். கால்களை ஆட்டவே பத்தாண்டு பழக வேண்டும் என்பது அங்குள்ள வழக்கு. வருமானம் எங்கே என்பது கடைசிக் கேள்வி, கஷ்டமான கேள்வியும் கூட. ஆட்டம் மட்டுமே சோறு போடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. செய்யவும் ஆட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவருக்குப் பள்ளி, திருவிழா, சுகாதாரப் பிரசாரம், சினிமா என நாலு பக்கமும் வேலைக்கு வழி இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு அது இல்லை.

காந்திகிராமப் பல்கலைக்கழகமும் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து மூன்று மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்க வேண்டும். தச்சரும் பூட்டுத் தொழிலாளியும் நாடகக்காரரும் அதில் ஒரே கூடத்தில் அமர வேண்டும். திண்டுக்கல் வட்டாரத் திருவிழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த வருடம் வாடகை வேடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் செய்து, அவர்களே தூக்கி ஆடும் ஒரு பெரிய பொம்மைக்குக் கொடுங்கள்.