கூரை வழி வெளிச்சம்

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நடுவே முற்றம்; அதற்கு மேலே வானம். அத்தகைய முற்றம் ஒன்றைத் திம்புள்ளையில் அமைத்தால் என்ன ஆகும் என்பதை இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை புரட்டாதி வரையில் விட்டு விட்டுப் பொழியும் மலைநாடு இது. ஆகவே, இங்கு வீடு கட்டியோர் வானத்தை முற்றாகவே அடைத்துவிட்டனர்.

தோட்டத்து லயங்களை நோக்குவோம். கோப்பி அழிந்து தேயிலை பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தவை பல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னே ஒரு கதவு; முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாயின் பின்புறத்தில் சன்னலுக்கு இடமேயில்லை. நண்பகலிலும் உள்ளே அந்திப்பொழுதுதான். விறகடுப்பின் புகை வேறு. இவ்விருளிலிருந்து எழுந்துவரும் மாணவரிடம், “வீட்டில் எங்கே அமர்ந்து படிக்கிறாய்?” என்று நாம் கேட்பதுண்டு. “வாசற்படியில், சேர்” என்பதே பெரும்பாலும் விடை. மழைநாளில் அதுவும் இல்லை.

இப்பொழுது தனி வீடுகள் எழுகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் அமைக்க உதவுவதாக அறிவித்தார். வீட்டின் பின்னால் ஓர் அறையைச் சேர்ப்போரிற் சிலர் தகரத்தை விடுத்துத் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை இடுகின்றனர். பிறகு மாடி எழுப்பலாம் என்ற ஆசைதான்! அந்த ஆசைக்குச் சாட்சியாகத் தூண்கம்பிகள் துருவேறி நிற்பதைத் தலவாக்கலையிலிருந்து அட்டன் வரையில் பார்க்கலாம். ஒருபுறம் வீட்டுச் சுவரும் மறுபுறம் வெட்டிய மண்மேடும் நெருக்கும் அத்தகைய அறைக்குக் கூரையில் ஒரு சாளரம் வைப்பதே தக்க வழி.

கூரையைத் துளைத்துக் கண்ணாடியை அப்படியே படுக்கவைத்தால் முதல் மழையிலேயே அறை நனையும். கிணற்றுக்குக் கட்டு எதற்கோ, அதற்கே இத்துவாரத்துக்கும் ஒரு கட்டு வேண்டும். முடிந்த கூரைப்பரப்பிலிருந்து அதன் உயரம் ஆறங்குலத்துக்குக் குறையலாகாது. சருகு வடிகாலை அடைத்து நீர் தேங்கினாலும், துளிகள் தெறித்தாலும் அவ்வுயரம் காக்கும். துவாரத்தை வார்ப்புக்கு முன்னரே குறித்து, நான்கு புறமும் மேலதிகக் கம்பி இட வேண்டும். வார்த்தபின் உளியெடுத்துக் கம்பியை வெட்டுவது கூரையையே பலவீனப்படுத்துவதாகும்.

மழையைத் தடுத்தாயிற்று. ஆனால் மழை குறைந்த தை, மாசியிலும் துளி சொட்டுகிறதே! கொத்தனாரை வைவது வழக்கம். குற்றமோ பல வேளைகளில் காற்றிலுள்ள ஈரத்துடையது. அறைக்காற்று 20 பாகை செல்சியஸ் வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதனும் கொண்டதாயின், ஏறத்தாழ 16 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அதன் நீராவி பனித்துளியாகும். தேயிலைக்கு மணம் தரும் அதே குளிர்காற்று இரவில் கட்டின் வெளிப்புறத்தைத் தழுவுகிறது. கொதிக்கும் தேநீரில் இட்ட கரண்டியின் காம்பு சுடுவதுபோல், அறையின் வெப்பம் கொங்கிறீற்றுக் கட்டின் வழியே வெளியேற, அதன் உட்புறம் குளிர்ந்து வியர்க்கிறது. பிறகு கரும்பூஞ்சணம் படரும். குழந்தைகளின் நெஞ்சுக்கு அது நல்லதன்று.

பரிகாரம் கட்டுக்குப் போர்வை போர்த்துவதே. கடைகளில் றெஜிபோம் என விற்கப்படும் நுரைப்பலகை ஓரங்குலம், வெப்பத்தைத் தடுப்பதில் ஏறத்தாழ நாற்பது அங்குலக் கொங்கிறீற்றுக்குச் சமம். கட்டின் வெளிப்புறத்தில் முதலில் நீராவி புகாத படலம். அதன்மேல் இரண்டங்குல நுரைப்பலகை. அதற்கு மேலே நீர்புகாத விரிப்பு. கூரையின் மேல் விரித்த நுரைப்பலகையும் கட்டின் மேலதும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட வேண்டும். ஓரங்குலம் விடுபட்டாலும் குளிர் அவ்வழியே புகும். அடிமூலையைச் சரிவாக நிரப்பினால் விரிப்பு மடிந்து வெடிக்காது. விரிப்பு கட்டின் உச்சியைக் கடந்து உட்பக்கம் மடிய வேண்டும். தீச்சுவாலையால் ஒட்டும் விரிப்பு இங்கு உதவாது. நுரைப்பலகை உருகிவிடும், தீயும் பற்றும். விறகடுப்புக்கு நேர்மேலே இச்சாளரத்தை அமைக்கவும் கூடாது.

ஒற்றைக் கண்ணாடி எப்படியும் வியர்க்கும். இரட்டைக் கண்ணாடியோ, இருபடையுள்ள பொலிகாபனேற்றுத் தகடோ நன்று. கட்டின் ஒருபக்கத்தைச் சற்று உயர்த்திக் கண்ணாடியைச் சாய்த்தால் நீர் தேங்காது வடியும்.

தை வெயிலில் மிளகாய் காயவைக்கக் கூரைக்கு ஏறும் சிறுவர் கண்ணாடியைத் தரையென எண்ணி மிதிக்கக்கூடும். ஆதலால் துவாரத்தின் குறுக்கே, நான்கு அங்குல இடைவெளியில், அரையங்குலக் கம்பிகளை வார்ப்பின்போதே பதித்துவிட வேண்டும்.