கருஞ்சீரகமும் கண்ணாடித் தட்டும்

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றிருப்பதை அறியாதார் நம்மிடையே அரிது. இந்நாளில் அதன் எண்ணெயை விற்போர், 'கிருமிகளைக் கொல்வது ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்றும் கூறுகின்றனர். அந்த ஆய்வு எத்தகையது?

விதையைப் பொடித்துத் தண்ணீர், ஆல்கஹால், ஹெக்சேன் ஆகியவற்றில் தனித்தனியே ஊறவைத்து வடிப்பர். ஒன்றில் கரைவது மற்றொன்றில் கரையாதாகலின், ஒரே விதையிலிருந்து வெவ்வேறு சாறுகள் கிடைக்கின்றன. சாற்றில் ஃபெரிக் குளோரைடு சேர்த்ததும் கருநீலமோ கரும்பச்சையோ தோன்றினால் டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் உண்டெனக் கொள்வர். நீருடன் குலுக்கியபின் நுரை அடங்காது நின்றால் சபோனின். கருஞ்சீரகத்தின் புகழுக்குக் காரணமான தைமோகுவினோன், அதன் மணமிக்க, எளிதில் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. 1963-இல் அது பிரித்தெடுக்கப்பட்டது.

அடுத்தது கிருமிச் சோதனை. நோன்பு திறக்க நம் இல்லங்களில் காய்ச்சும் கடல்பாசிதான் இங்கும் உதவுகிறது! சத்துப்பொருள் கலந்த அப்பாசியைக் கண்ணாடித் தட்டில் உறையவிட்டு, அதன்மேல் கிருமிகளைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு காகித வில்லைகளை வைப்பர். 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாள் சென்றபின், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பர். ஆல்கஹால் தானே கிருமிக்கொல்லி. எனவே அதனை மட்டும் நனைத்த வில்லையொன்றும் உடன் இருத்தல் வேண்டும். அஃதில்லாத ஆய்வை நம்புதற்கில்லை.

வட்டம் பெரிதாயின் மருந்து வலிதென்று கருதுவதும் பிழையே. நீர்நிறைந்த பாசியில் எண்ணெய் எளிதில் பரவாது. ஆதலால் சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவையும் காண்பர். தைமோகுவினோனுக்குச் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் எளிதில் அடங்குகிறது. வெளிச்சவ்வு கொண்ட ஈ.கோலை அவ்வாறு அடங்குவதில்லை.

தட்டில் கிடைத்த இவ்வெற்றி உடலில் கிடைத்த வெற்றியன்று. உண்ட பொருள் குடலையும் கல்லீரலையும் கடந்து, தேவையான அளவில் புண்ணைச் சென்றடைய வேண்டுமே! 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்கும் விதிகளை வகுத்தபோது, சோதனை மனித உடலிலேயே நிகழவேண்டும், விலங்கில் கண்டது மனிதருக்குச் சான்றாகாது என்றார். கண்ணாடித் தட்டு விலங்கினும் தொலைவிலுள்ளது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் பருகுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

உணவோடு சேர்ப்பதற்கு இவை எவையும் தடையல்ல. ஆனால் விளைந்த மண்ணுக்கும் பிழிந்த முறைக்கும் ஏற்பத் தைமோகுவினோனின் அளவு மாறுபடும். வெளிச்சம் பட்டால் அது சிதையும். எண்ணெய் வாங்குவோர் நிறமற்ற கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, கருநிறப் புட்டியில் அடைத்ததையே கேட்டு வாங்குக.