உங்களுக்குத் தெரியுமா? செவ்வாய் மண் விட்ட மூச்சு

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள், கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் சேர்த்த ஊட்டக் கரைசலை அங்குள்ள மண்ணில் சொட்டவிட்டபோது, நுண்ணுயிர்கள் அதை உண்டு செரித்தால் வெளிவரக்கூடிய கதிரியக்க வாயு உண்மையிலேயே வெளிவந்தது. அதே மண்ணை முன்னதாக 160 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிச் சோதித்தபோதோ அது ஏறத்தாழ நின்றுபோயிற்று. இதனை உயிருக்கான சான்றென்றே சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் வாதிட்டார். ஆனால், உயிருடலுக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் எவையும் அம்மண்ணில் இருப்பதாக மற்றொரு கருவி காட்டாததால், வேதிவினையே காரணம் என அறிவியலாளர் பெரும்பாலோர் கொண்டனர். அந்த மறுப்பிலும் ஓர் ஓட்டை இருந்தது: 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் கண்டறிந்த பெர்குளோரேட் என்னும் உப்பு, சூடேறும்போது கரிமச் சேர்மங்களைச் சிதைத்துவிடக்கூடியது, அக்கருவியோ மண்ணைச் சூடாக்கித்தான் சோதித்திருந்தது.