எண்ணெய் வள நாட்டில் எரிவாயுத் தேவை: ஷார்ஜா தரும் படிப்பினை

எண்ணெய் வளம் மிகுந்த வளைகுடா நாடுகளில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில் நீண்ட மின்வெட்டுகள் ஏற்பட்டன. தெற்காசியத் தொழிலாளர்கள் பெருமளவில் வசிக்கும் தொழிற்பேட்டைப் பகுதிகள் கடும் வெப்பத்தில் மின்விசிறிகூட இன்றித் தவித்தன.

இதற்கான காரணம் நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அமீரக அரசியலமைப்பின்படி, இயற்கை வளங்கள் அந்தந்த எமிரேட்டுக்கே உரியவை. நாட்டின் எண்ணெய் இருப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அபுதாபியின் வசம் உள்ளது. தவிர, அமீரகத்தின் மின் நிலையங்கள் பெரும்பாலும் எண்ணெயால் அல்ல, எரிவாயுவால் இயங்குகின்றன. கச்சா எண்ணெய் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் இந்நாடு, 2007 முதல் டால்ஃபின் கடலடிக் குழாய் வழியாகக் கத்தாரிடமிருந்து எரிவாயுவை வாங்கிவந்திருப்பது இதனாலேயே.

வளரும் முவைலா

ஷார்ஜா நகரின் விளிம்பில் உள்ள முவைலா, இந்தத் தேவை எப்படிப் பெருகியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1997இல் இதனருகே பல்கலைக்கழக நகரம் உருவானது. பின்னர் பள்ளிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் பெருகின. துபாயில் பணிபுரியும் இந்தியக் குடும்பங்கள் பலவும் இங்கு குடியேறின.

இத்தகைய குடியிருப்புகளில் குளிரூட்டிகளே மின்சாரத்தை அதிகம் பயன்படுத்துகின்றன. ஷார்ஜாவில் சமையலுக்கான எரிவாயுவும் பல வீடுகளுக்குக் குழாய் வழியாகவே வருகிறது. ஆகவே அடுப்பு, குளிரூட்டி இரண்டும் ஒரே எரிபொருளைச் சார்ந்திருக்கின்றன.

வராத எரிவாயு

ஷார்ஜாவின் சஜா எரிவாயு வயல் 1980இல் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் எமிரேட்டின் தேவையை நிறைவுசெய்த அந்த வயலின் உற்பத்தி காலப்போக்கில் குறையத் தொடங்கியது. அதை ஈடுசெய்ய நம்பப்பட்ட வழி ஈரான்.

ஷார்ஜாவைச் சேர்ந்த கிரசெண்ட் பெட்ரோலியம் நிறுவனம், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துடன் 2001இல் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாளொன்றுக்கு 60 கோடி கன அடி எரிவாயு 2005 இறுதி முதல் வந்துசேர வேண்டும். ஆனால் எண்ணெய் விலை உயர்ந்தபோது, ஒப்பந்த விலை மிகக் குறைவு என்ற எதிர்ப்பு ஈரானில் எழுந்தது. எரிவாயு வரவேயில்லை. ஒப்பந்தம் செல்லும் என்று சர்வதேச நடுவர் மன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2021இல் முதற்கட்ட இழப்பீடும் அறிவிக்கப்பட்டது.

இழப்பீட்டுத் தீர்ப்பு நிறுவனங்களுக்கு உதவலாம். ஆனால் மின்வெட்டில் கழிந்த கோடையை அது ஈடுசெய்யாது. ஒரே மூலத்தை நம்பித் திட்டமிடுவதன் விலை இதுதான்.

உள்ளூர் முயற்சிகள்

2010இல் ஷார்ஜா தேசிய எண்ணெய்க் கழகம் உருவாக்கப்பட்டது. இத்தாலியின் எனி நிறுவனத்துடன் அது மேற்கொண்ட ஆய்வில், 2020 ஜனவரியில் மஹானி எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. 37 ஆண்டுகளில் ஷார்ஜாவின் நிலப்பகுதியில் கிடைத்த முதல் கண்டுபிடிப்பு இது. ஓராண்டுக்குள் உற்பத்தியும் தொடங்கியது. எனினும் சோதனையின்போது அந்தக் கிணற்றிலிருந்து வெளிவந்தது நாளொன்றுக்கு 5 கோடி கன அடி வரைதான். ஈரானிடமிருந்து எதிர்பார்த்த அளவில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு.

இருக்கும் எரிவாயுவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது மற்றொரு வழி. ஹம்ரியாவில் அமைக்கப்பட்ட 1,800 மெகாவாட் மின் நிலையம் கூட்டுச் சுழற்சி முறையில் இயங்குகிறது. எரிவாயு டர்பைனிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கொண்டு நீராவி உண்டாக்கி, இரண்டாவது முறையும் மின்சாரம் எடுப்பதே இம்முறை. குப்பையை எரித்து 30 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் ஆலை 2022இல் திறக்கப்பட்டது. நகரக் கழிவைக் குறைப்பதில் அதன் பயன் பெரிது. ஆனால் மின் உற்பத்தியில் அது ஹம்ரியா நிலையத்தின் அறுபதில் ஒரு பங்கே.

இரவு எனும் சவால்

தேசிய அளவில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது பராக்கா அணுமின் நிலையம். தென்கொரிய நிறுவனம் கட்டிய அதன் 4 உலைகளும் 2021க்கும் 2024க்கும் இடையே வணிக உற்பத்தியைத் தொடங்கின. மொத்தத் திறன் சுமார் 5,600 மெகாவாட். நாட்டின் மின் தேவையில் ஏறத்தாழ கால் பங்கை நிறைவுசெய்யும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

சூரிய மின்சாரம் அமீரகத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் வளைகுடாவில் சூரியன் மறைந்த பின்னும் வெப்பம் தணிவதில்லை. குளிரூட்டிகள் இரவு முழுவதும் இயங்குகின்றன. எனவே சேமிப்பு வசதி இல்லாத சூரிய மின்சாரம் பகலில் எரிவாயுவை மிச்சப்படுத்துமே தவிர, இரவில் மின் நிலையங்களை மூட உதவாது.

இதற்கு விடையாகவே அபுதாபியின் மஸ்தார் நிறுவனம் 2025 ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 5,200 மெகாவாட் சூரியத் தகடுகளையும், 19 ஜிகாவாட் மணி நேரம் மின்சாரம் சேமிக்கும் மின்கலங்களையும் இணைத்து, இரவு பகலாக 1,000 மெகாவாட் வழங்குவது அதன் நோக்கம். சீராக 1,000 மெகாவாட் பெறுவதற்கு அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட தகடுகள் தேவை என்பது, இந்த மாற்றம் எவ்வளவு பெரிய முதலீட்டைக் கோருகிறது என்பதைக் காட்டுகிறது.

குடிநீரும் இதனுடன் பிணைந்தது. மின் நிலைய வெப்பத்தால் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் பழைய முறையில், மின் தேவை குறையும் குளிர்காலத்திலும் தண்ணீருக்காக எரிவாயுவை எரிக்க வேண்டியிருந்தது. சவ்வூடு பரவல் ஆலைகள் மின்சாரத்தால் மட்டுமே இயங்குவதால் அந்தப் பிணைப்பு தளர்கிறது.

யார் செலுத்துவது?

இந்த முதலீடுகள் இறுதியில் மின் கட்டணத்தில் எதிரொலிக்கக்கூடும். ஷார்ஜாவில் வெளிநாட்டவர் குடிமக்களைவிட அதிகக் கட்டணம் செலுத்துகின்றனர். வாடகை, பள்ளிக் கட்டணம் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சும் தொகையைக் கோடைகால மின் கட்டணமும் தீர்மானிக்கிறது.

இருப்பினும், மின்சாரம் இல்லாமல் போவதன் செலவு அதைவிடப் பெரிது. 2022 ஆகஸ்டில் ஓர் எரிவாயு ஆலையில் ஏற்பட்ட கோளாறால் ஷார்ஜாவின் பல பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. நிலத்தடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைக் காட்டிலும், ஒரு வழி அடைபட்டால் கைகொடுக்க வேறு எத்தனை வழிகள் உள்ளன என்பதே மின் பாதுகாப்பின் அளவுகோல் என்பதை அந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது.