அலையின் நடுவே திறக்கும் தைரிஸ்டர்

மலேசியாவின் ஆயர் ஈத்தாமிலிருந்து புறப்படும் கொடிமலை ரயிலில், ஒரே வடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். 1923இல் ஓடத் தொடங்கியபோது பாதி வழியில் பெட்டி மாற வேண்டியிருந்தது. 2011இல் புதுப்பாதை வந்தபின் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விடலாம். இப்படிப்பட்ட மலை ரயிலில், ஆள் நிரம்பிய பெட்டி இறங்கக் காலிப் பெட்டி ஏறும்போது, மோட்டாருக்கு இழுக்கும் வேலை இல்லை, தாங்கிப் பிடிக்கும் வேலைதான். இறங்கும் எடை தரும் ஆற்றல் எங்கே போகும்? பிரேக்கில் சூடாகி வீணாகலாம், அல்லது மின்கம்பிக்கே திரும்பலாம். நேர்மின் மோட்டாராக இருந்தால், அதைத் திருப்பி அனுப்பும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது தைரிஸ்டர் பாலம்.

தைரிஸ்டர் 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவானது. பழைய பேட்டரி சார்ஜர் ஒன்றைத் திறந்தால் அதன் ஒரு வகையைப் பார்க்கலாம்: போல்ட் போல மரையிட்ட உலோக உடல், மேலே தடித்த கம்பி ஒன்று, பக்கத்தில் மெல்லிய கம்பி ஒன்று. அந்த மெல்லிய கம்பிதான் கேட். சில பத்து மில்லி ஆம்பியர் துடிப்பு அதில் வந்தால் போதும், பல ஆம்பியர் மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடும். ஆனால் திறந்ததைக் கேட் கொண்டு மூட முடியாது. மின்னோட்டம் தானாகச் சுழியத்துக்கு இறங்கும்போதுதான் மூடும். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஒருமுனை அலைதிருத்தியின் கணக்கு முழுவதும் இந்த ஒரு குணத்திலிருந்து பிறக்கிறது.

மலேசியாவில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அலையின் உச்சம் 325 வோல்ட். ஒவ்வோர் அரை அலைக்கும் ஆயுள் 10 மில்லி வினாடி. நான்கு தைரிஸ்டர்கள் கொண்ட பாலத்தை 60 பாகையில் தூண்டுகிறோம் என்றால், ஒவ்வோர் அரை அலையிலும் முதல் 3.3 மில்லி வினாடி காத்திருந்துவிட்டுத் திறக்கிறோம் என்று பொருள். வெளியே கிடைக்கும் சராசரி மின்னழுத்தம் எவ்வளவு?

இங்கேதான் மாணவர்கள் பலர் இடறுகிறார்கள். சுமை என்னவென்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. சுமை வெறும் மின்தடையாக இருந்தால் விடை 155 வோல்ட். பெரிய மின்தூண்டல் உள்ள சுமையாக இருந்தால் 103.5 வோல்ட். பாலமும் கோணமும் ஒன்றே, இடைவெளி 50 வோல்ட்டுக்கு மேல்! மின்தூண்டல் மின்னோட்டத்தைச் சட்டென்று நிற்க விடாது. அலை சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன பிறகும் தைரிஸ்டர் திறந்தே கிடக்கும். அந்த எதிர்த்துண்டு சராசரியிலிருந்து கழிந்துவிடும். 'கொசைன் ஆல்ஃபா' சூத்திரத்தை (ஆல்ஃபா என்பது தூண்டும் கோணம்) மனப்பாடம் செய்வதற்கு முன், அலையைத் தாளில் வரைந்து எந்தத் துண்டு சுமைக்குப் போகிறது என்று நிழலிட்டுப் பார்க்க வேண்டும். வகுப்புகளில் இந்த வரிசை தலைகீழாக நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மோட்டாராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: சுமை குறைந்து மின்னோட்டம் விட்டுவிட்டு ஓடும்போது இந்த இரண்டு விடைகளுமே செல்லாது.

மின்தூண்டல் சுமையில் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 90 பாகையில் சராசரி சுழியம். அதையும் தாண்டினால் மின்னழுத்தம் எதிர்மறை. மின்னோட்டத்தின் திசை மாறாது, மாறவும் முடியாது. எனவே ஆற்றல் சுமையிலிருந்து மின்கம்பியை நோக்கி ஓடும். இதற்கு மோட்டாரின் காந்தப்புலத்தைத் திருப்ப வேண்டும், அல்லது எதிர்த்திசையில் இரண்டாவது பாலம் ஒன்றை வைக்க வேண்டும். கோணத்தை 180 வரை தள்ளவும் கூடாது. தைரிஸ்டர் மூடிக்கொள்ள நேரம் கிடைக்காமல் பாலம் குறுக்குச் சுற்றாகி ஃபியூஸ் போய்விடும். பெரிய மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம்தான் வேண்டும் என்றாலும், அடிப்படை இதேதான்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலையும் உண்டு. 60 பாகையில் முழுக்கட்டுப்பாட்டுப் பாலத்தின் திறன் காரணி 0.45 மட்டுமே. நான்கில் இரண்டு தைரிஸ்டர்களை எடுத்துவிட்டு டயோடு வைத்தால் (அரைக்கட்டுப்பாட்டுப் பாலம்), அதே 103.5 வோல்ட்டை 90 பாகையில் 0.64 திறன் காரணியோடு பெறலாம். ஆனால் ஆற்றலைத் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டில் எது வேண்டும் என்பதை வேலைதான் தீர்மானிக்கும்.

ரயில்வேக்குத் திறன் காரணி மிகப் பெரிய கேள்வி. தலைக்கு மேல் ஒரே கம்பி, கீழே தண்டவாளம், ஆகவே மின்சாரம் ஒருமுனைதான். 1967இல் ஸ்வீடனின் ஆசியா (ASEA) நிறுவனம் கட்டிய ஆர்.சி. எஞ்சின்கள் இதற்கு நல்ல விடை தந்தன: அரைக்கட்டுப்பாட்டுப் பாலங்களைத் தொடராக இணைத்து, ஒன்றை முழுதும் திறந்த பிறகே அடுத்ததைத் தொடுவது. எந்த நேரத்திலும் ஒரு பாலம் மட்டுமே அலையை நறுக்கும் என்பதால் திறன் காரணி தப்பியது. 1980களின் கடைசியில் அதே நிறுவனமும் ஜப்பானின் ஹிட்டாச்சியும் செய்த தைரிஸ்டர் எஞ்சின்கள் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தன. கொடிமலைக்கு எதிரே, கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் வரை வரும் இ.டி.எஸ். மின்ரயிலுக்கு மேலேயும் 25,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம்தான் ஓடுகிறது.