உங்களுக்குத் தெரியுமா? மூட்டை வீங்க வைப்பது யார்?

சிக்குன்குனியாவில் மூட்டு வீங்குவதற்கு வைரஸை விட, அதை விரட்ட வரும் வெள்ளணுக்களே பெரிய காரணம். சிடி4 வகை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இல்லாத சுண்டெலிகளுக்குள் இந்த வைரஸைச் செலுத்தியபோது, அது உடலில் பெருகத்தான் செய்தது. பாத மூட்டுகளின் வீக்கமோ வெகுவாகக் குறைந்திருந்தது.

• மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களின் கதை இன்னும் சிக்கலானது. சுண்டெலிகளில் இவற்றையும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களையும் மருந்து கொடுத்துக் குறைத்தால் வீக்கம் தணிகிறது, ஆனால் ரத்தத்தில் வைரஸ் கூடுதல் நாட்கள் தங்கிவிடுகிறது. மோனோசைட்டுகளை மூட்டுக்கு அழைத்துவரும் சிசிஆர்2 ஏற்பி இல்லாமல் பிறந்த எலிகளில் நடப்பது நேர்மாறு: அந்த இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் திரண்டு வந்து குருத்தெலும்பையே சேதப்படுத்துகின்றன.

• பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இந்தப் பழியில் சேராதவை. அவை இல்லாத எலிகளின் ரத்தத்தில் வைரஸ் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

• காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிடும். மூட்டுவலி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். ரீயூனியன் தீவில் 2005-06இல் பரவிய தொற்றுக்குப் பிறகு, நாள்பட்ட மூட்டுவலியுடன் இருந்த ஒருவரின் மூட்டு உறைச் சவ்வை ஆராய்ந்தார்கள். தொற்றி 18 மாதங்கள் ஆகியும், அங்கிருந்த மேக்ரோபேஜ்களுக்குள் வைரஸின் ஆர்என்ஏவும் புரதமும் இருந்தன.

• கொலம்பியாவில் கிடைத்த முடிவு வேறு. தொற்றி ஏறத்தாழ 22 மாதங்கள் கழித்தும் வலியால் அவதிப்பட்டவர்களின் மூட்டு நீரில் வைரஸின் சுவடே இல்லை. வைரஸின் எஞ்சிய துணுக்குகள்தான் செல்களைத் தூண்டுகின்றனவா, வைரஸ் போன பிறகும் அழற்சி தானாகவே ஓடுகிறதா என்பது இன்னும் தீராத வழக்கு.